எலும்பு போடாத காராமணி

காராமணி எனக்குப் பிடிக்காது. கடித்தால் மாவு, விழுங்கினால் வாயு. அதை ஒருநாள் நான் சமைப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால், கத்தியை வெட்டுக்கட்டையில் குத்தி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன். முப்பத்துநாலு வருஷமாகக் கறிக்கடை வைத்திருப்பவன் நான். ஒரு முழு ஆட்டைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிரித்துப்போடுவேன். வெங்காயம் உரிக்கத்தான் தெரியாது.

ஆனால் மகள் போனில் அதைத்தான் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன்பா. ஒரு வேளை சாப்பிடுறேன். காராமணி மட்டும் வேக வச்சா போதும்."

அவள் கறி சாப்பிடுவதில்லை. என் வீட்டில் பத்து வருஷமாகத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் அம்மா இறந்தபோது வந்தாள், ஓரமாக நின்று அழுதாள், காய்ந்த தொண்டையோடு திரும்பிப் போனாள். அப்படிப்பட்டவள் சாப்பிடுகிறேன் என்கிறாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"என்னம்மா விசேஷம்?" என்றேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் வேலை சம்பந்தமாகப் பதினைந்து நாள் அவள் வெளியூர் போக வேண்டும். மருமகன் கப்பலில் இருக்கிறார், வர ஆறு மாதமாகும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. "வந்து பாக்குறேன். எல்லாம் சரியா இருந்தா அவள உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்" என்றாள்.

என் பேத்திக்கு நாலு வயது. அவளை நான் பார்த்ததே இல்லை. யாரிடமோ கேட்டு வாங்கிய போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன், அதிலும் முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பதினைந்து நாளுக்காக நான் காராமணி என்ன, கல்லைக்கூட வேகவைப்பேன்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? மகள் பன்னிரண்டு வயதில் கறியை விட்டாள். ஒருநாள் சாப்பாடு கொண்டுவர என் கடைக்கு வந்தவள், பார்க்கக் கூடாத நேரத்தில் பார்த்துவிட்டாள். "கறிக்கடைக்காரன் பொண்ணு கீரை திங்குறா" என்று ஊரே கிண்டல் செய்தது. நானும்தான் செய்தேன். கல்லூரி போகும் வயதில் உடம்பில் ரத்தம் இல்லை என்று படுத்துவிட்டாள். மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. பெற்ற மனம் பதறாதா? நல்லி எலும்பை நாள் முழுக்க வேகவைத்து, அந்தச் சாற்றை அவள் பருப்பில் யாருக்கும் தெரியாமல் ஊற்றினேன். நாற்பது நாள். எழுந்து உட்கார்ந்தாள்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் சொந்தக்காரர்கள் வீடு நிறைய உட்கார்ந்திருந்தபோது, "கன்னம் ரெண்டும் எப்படிச் செவந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துச் சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். அவள் வாந்தியெடுக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்டது. அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த மாதம் வேலை தேடிக்கொண்டு போனவள்தான்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்ச் சமையல் கேட்டேன். என் மனைவியோடு நன்றாகப் பழகியவர். வாசலில் நின்றபோதே மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நீங்க வர்றது தெரு முனையிலயே தெரிஞ்சிடுச்சுண்ணே. உங்களுக்கு முன்னாடி உங்க வாடை வந்திடுது."

"இன்னிக்கு ரெண்டு தடவ குளிச்சேனே!"

"குளிச்சா போற வாடையா அது?"

நானும் சிரித்தேன். அது பழைய கிண்டல். பிறகு அவர் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். ராத்திரியே ஊறப்போட வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஸ்லோ குக்கரில் போட்டு, வெங்காயம், பூண்டு, மிளகு, இரண்டு கரண்டி எண்ணெய். சிறு சூட்டில் எட்டு மணி நேரம். தக்காளியைக் கடைசியில்தான் போட வேண்டும், முதலிலேயே போட்டால் புளிப்பில் பயறு வேகாமல் முறைத்துக்கொண்டு கிடக்கும்.

"முக்கியமா மூடியத் திறக்கக் கூடாது. தெறந்து தெறந்து பாத்தீங்கன்னா சூடெல்லாம் போயிடும். உங்களுக்குப் பொறுமை கிடையாது, அதனால சொல்றேன்."

ஸ்லோ குக்கர் வீட்டில் இருந்தது. கனத்த பீங்கான் பாத்திரம், அதை வைக்க ஒரு மின்சாரக் கூடு. என் மனைவி ஆசையாகக் கேட்டு வாங்கியது. புதிதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கத்தான் செய்தேன். ஆனால் அதைப் பார்த்தால் மகளுக்கு அம்மா ஞாபகம் வரும், மனம் இளகும் என்று நினைத்தேன். அம்மாவின் கை பட்ட பாத்திரம் என் பக்கம் நின்று பேசும் என்று கணக்குப் போட்டேன்.

கழுவினேன் என்றால் அப்படிக் கழுவினேன். எலுமிச்சம்பழம் தேய்த்து ஒரு தடவை, சோப்புப் போட்டு இரண்டு தடவை, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி ஒரு தடவை. கத்தி, பலகை, கரண்டி எல்லாம் புதிது. கடை வேலைக்குப் போட்ட துணி எதுவும் வீட்டுக்குள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடையையே மூடினேன். கறிக்கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமை கடையை மூடினால் செத்துவிட்டான் என்றுதான் அர்த்தம். மூன்று பேர் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அன்று விடிவதற்கு முன் எழுந்து குளித்து, பயறைக் கழுவிப் போட்டு மூடினேன். வெங்காயத்தோடு என் விரலும் கொஞ்சம் சேர்ந்து அறுபட்டது. எருமைத் தோலையே அறுத்த கைக்கு ஒரு வெங்காயம் பாடம் எடுத்தது. ரத்தம் ஒரு சொட்டுகூடப் பலகையில் விழாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடி மூடிக்குள் ஆவி கோத்து, சொட்டிச் சொட்டி இறங்கியது. கடைசியில் தக்காளி போடத் திறந்ததைத் தவிர, எட்டு மணி நேரம் மூடியைத் தொடவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ஒழுங்காக எதையும் செய்ததில்லை.

மகள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். இளைத்திருந்தாள். பிள்ளையைக் கூட்டிவரவில்லை. முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், பேத்திக்காக நான் வாங்கிப் போட்டிருந்த சின்னக் கட்டிலைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

"இதுல ஓரத்துல தடுப்பு வேணும்பா. தூக்கத்துல உருளுவா."

"நாளைக்கே ஆசாரிய வரச் சொல்றேன்மா."

லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சின்ன வயதில் தெருவில் என் சைக்கிள் மணி கேட்டதும் ஓடிவருவாளே, அந்த முகம். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பதினைந்து நாளும் என் கைக்கு வந்துவிட்டது.

சமையலறை வாசலில் அவள் நின்றாள். உள்ளே வரவில்லை.

"என்ன சமைச்சிருக்கீங்க?"

"நீ சொன்னதுதான். காராமணி."

"அதுல என்ன போட்டீங்க?"

வெங்காயம், பூண்டு, மிளகு, தக்காளி என்று பள்ளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். அவள் உள்ளே வந்து மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்ததும் சட்டென்று புறங்கையால் மூக்கை மூடிக்கொண்டாள். மூடியை மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

"எலும்பு போட்டிருக்கீங்க."

"ஐயோ, இல்லம்மா!"

"நல்லி வேகுற வாடை வருதுப்பா. எனக்குத் தெரியாதா? நாப்பது நாள் சாப்பிட்டிருக்கேன்."

நான் பாத்திரத்தின் மேல் குனிந்து இழுத்து இழுத்து மோந்து பார்த்தேன். பூண்டு வாடைகூடத் தெரியவில்லை. சூடுதான் மூக்கில் ஏறியது. கரண்டியை விட்டு அடிவரைக்கும் துழாவிக் காட்டினேன். பயறுதான் வந்தது. சாற்றை மட்டும் ஊற்றியிருப்பேன் என்று அவள் நினைப்பது முகத்தில் தெரிந்தது. அன்றும் சாறுதானே ஊற்றினேன்.

"சத்தியமா இல்ல. உங்கம்மா மேல ஆணையா இல்ல."

"அம்மாவ இழுக்காதீங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குப் பழக்கமான வேலை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் சண்ட போட வரல. நீங்க வேணும்னு கெட்டது செய்ய மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ஒரு தடவ உண்மைய என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. சிரிக்காம. போட்டேன்னு சொல்லுங்க, நான் கோவப்பட மாட்டேன்."

நான் என்ன செய்வது? உண்மையைச் சொன்னேன், அது எடுபடவில்லை. இன்னும் பத்துத் தடவை சொன்னால் இன்னும் பத்துப் பொய்யாகத்தான் அவள் காதில் விழும். ஒத்துக்கொண்டால் கோபப்பட மாட்டாளாம். கோபப்படாவிட்டால் மன்னிப்பாள். மன்னித்தால் பிள்ளையை விடுவாள். வியாபாரிப் புத்தி அவ்வளவு தூரம்தான் ஓடியது.

"ஆமாம்மா" என்றேன். "ஒரே ஒரு துண்டு. சாறு எறங்கினதும் எடுத்துட்டேன். நீ எளச்சுப் போயிருப்பேன்னு நெனச்சுதான். தப்புதான். மன்னிச்சிடு."

அவள் தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்தாள், வெங்காயம் நறுக்கியபோது அறுபட்ட விரலைத் தடவிக்கொடுத்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு என் மகள் என்னைத் தொடுகிறாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"இப்பவாவது சொன்னீங்களே" என்றாள். பிறகு எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அவளுக்கு நாலு வயசுப்பா. யாரு எதக் குடுத்தாலும் வாயத் தெறப்பா. என்னன்னு கேக்கத் தெரியாது. அவள இங்க விட்டுட்டு எனக்கு அங்க தூக்கம் வராது."

"இனிமே செய்ய மாட்டேம்மா..."

"தெரியும். அன்னிக்கும் பாசத்துலதான செஞ்சீங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பயறு முழுவதையும் குப்பையில் கொட்டினேன். கோபத்தில் பாத்திரத்தையும் உடைத்திருப்பேன், தூக்கிவிட்டேன். தூக்கிப் பிடித்தபோது ஜன்னல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. பீங்கானின் உள்பக்கம் முழுக்க மயிரிழை மாதிரி நூற்றுக்கணக்கில் கீறல்கள். ஒவ்வொன்றும் பழுப்பேறிக் கிடந்தது. அதைக் கீழே வைத்தேன். வெறும் தண்ணீரை ஊற்றி, கூட்டில் வைத்து, சூட்டைக் கூட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலம் தையல்காரம்மா துணி கொடுக்கப் போன இடத்திலிருந்து திரும்பி, விருந்து எப்படி என்று கேட்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏண்ணே, பொண்ணு வர்ற அன்னிக்கா எலும்பு வேகவைப்பீங்க?"

"வந்து பாரும்மா."

மூடியைத் திறந்தார். தண்ணீர். அதன் மேல் மிளகு அளவில் கொழுப்பு வட்டங்கள் நாலைந்து மிதந்தன. அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் என் மனைவி தினமும் காலையில் அதில் எலும்பு போட்டுவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பாள். அது மேலே கழுவினால் போகிற சங்கதி இல்லை. எட்டு மணி நேரம் சூடு ஏறினால் உள்ளே குடித்தது எல்லாம் வெளியே வரும்.

"உங்களுக்கு வாடை அடிக்கலையாண்ணே?"

"இல்லையே."

"கொஞ்சங்கூடவா?"

இல்லை. முப்பத்துநாலு வருஷமாக அதற்குள்ளேயே நிற்கிறேன். கறி வாடை என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. அவர் இத்தனை வருஷமாகச் செய்தது கிண்டல் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவர் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் திரும்பப் போட்டார்.

"போன் பண்ணிச் சொல்லுங்க. நான் சாட்சி சொல்றேன்" என்றார்.

போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பாத்திரத்தைச் சொன்னேன், கீறலைச் சொன்னேன், வெறும் தண்ணீரைச் சொன்னேன். எதிர்வீட்டம்மா பக்கத்தில் இருக்கிறார், கேட்டுப் பார் என்றேன். எல்லாம் உண்மை. என் காதுக்கே அது சப்பைக்கட்டாகக் கேட்டது.

அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்பா, மத்தியானம் போட்டேன்னீங்க. இப்ப போடலங்கிறீங்க. நான் எதப்பா நம்பட்டும்?"

அந்தப் பக்கம் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. பிறகு போனுக்கு மிக அருகில் ஒரு சின்னக் குரல்.

"யாரும்மா அது?"

என் பேத்தியின் குரலை அன்றுதான் முதல்தடவை கேட்டேன். கொஞ்சம் கரகரப்பு, சளி பிடித்திருக்கும் போல. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

மகள் சற்று யோசித்தாள்.

"ஒரு கறிக்கடைக்காரர்டா" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை.