எந்தக் கருக்கல்

12 பிப்ரவரி 2025, புதன்

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வகுப்பு எடுக்கும் ஷெர்லி மேடம் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்காமல் ஒரு சொல்லை மாற்றிவிட்டேன்.

மாலை வகுப்பில் இயற்கை வேளாண்மை படிக்கிறவர்களில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவன் நான்தான். வீடு திரேஸ்புரம் கடற்கரையில். பகலில் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக்கொட்டை மூட்டைகளைச் சரிபார்த்து லாரியில் ஏற்றிவிடுவேன். வகுப்பில் மண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. அதனால் வேறு எந்த வேலை என்றாலும் முதலில் கை தூக்கிவிடுகிறேன். இது நல்ல பழக்கமா என்று தெரியவில்லை.

மேடம் இன்று ஒரு படம் காட்டினார். சீனாவில் ஒரு பேரிக்காய்த் தோட்டம். தேனீக்கள் இல்லாமல் போனதால் ஆட்கள் மரத்தில் ஏறி, குச்சி முனையில் கட்டிய இறகால் பூவுக்குப் பூ மகரந்தம் வைக்கிறார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாத்தான்குளம் பக்கம் இப்போது முருங்கை பூத்திருக்கிறது. மொட்டுப்புழுவும் வந்துவிட்டது. மருந்து அடிக்காமல் சமாளிப்பதே நல்லது. அடித்தே தீர வேண்டும் என்றால், தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிய பிறகு அடிக்க வேண்டும். இதை விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தியாகப் போடச் சொன்னார் மேடம். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நான் கை தூக்கினேன்.

தாளில் "பொழுது அடைந்த பிறகு" என்று இருந்தது. அது பாடம் ஒப்பிப்பது போல எனக்குப் பட்டது. "கருக்கல்ல அடிங்க அண்ணாச்சி, அதான் தேனீக்கு நல்லது" என்று பேசி அனுப்பிவிட்டேன். பக்கத்தில் நின்ற, கூடப் படிக்கும் ஜெபசுதா அக்கா, "ஏலே, நீ ரேடியோவுக்குப் போயிருக்கலாம்லே" என்றாள். சந்தோஷமாக இருந்தது.

இருந்தாலும் எழுதியதை எழுதியபடி வாசிப்பதுதான் ஒழுங்கு. அடுத்த முறை கவனம்.

14 பிப்ரவரி, வெள்ளி

காலையில் சுதா அக்காவின் போன்.

"பெட்டி வாசல்ல பூச்சி செத்துக் குமிஞ்சு கெடக்குலே. சிலது இன்னும் கால உதறிக்கிட்டு கெடக்கு."

அக்காவுக்குச் சொந்த ஊர் நாசரேத். இங்கே ஒரு அச்சகத்தில் வேலை. தன் தேனீப் பெட்டிகளைச் சாத்தான்குளத்தில் நேசக்குமார் அண்ணாச்சியின் முருங்கைத் தோட்டத்தில் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கூட்டையும் மரப்பொந்திலிருந்தும் பாழுங்கிணற்றுச் சுவரிலிருந்தும் அவளே எடுத்துப் பெட்டியில் குடிவைத்தாள். அண்ணாச்சி நேற்று விடியுமுன் மருந்து அடித்திருக்கிறார். முருங்கைப் பூ விடியுமுன்பே விரிந்துவிடும். வெளிச்சம் வந்ததும் தேனீக்கள் ஈரம் காயாத பூவில் போய் உட்கார்ந்திருக்கின்றன.

"படிச்சுப் படிச்சு சொன்னமேலே, சாயங்காலம் அடிங்கன்னு. அந்த மனுசனுக்கு என்ன கேடு?" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் யார்டுக்குப் பின்னால் போய் என் குரலை நானே போட்டுக் கேட்டேன். கருக்கல்ல. எங்கள் வீட்டில் கருக்கல் என்றால் அந்திதான். அப்பா வலை விடப் போகும் நேரம். "கருக்கலாயிட்டு, லைட்டப் போடு" என்பாள் அம்மா. விடியலை நாங்கள் வெள்ளாப்பு என்போம்.

முந்திரிக்கொட்டை ஏற்ற வந்திருந்த டிரைவர் தளவாய்க்குச் சாத்தான்குளம்தான் ஊர். அவரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒங்க ஊர்ல கருக்கல்னா எப்ப?"

"விடியக்காலம்தான். முருங்கக்காய் பறிக்க எறங்குத நேரம். ஏன், ஒங்க கடக்கரையில பொழுது மேக்க உதிக்கோ?"

சிரித்துக்கொண்டே லாரியில் ஏறிவிட்டார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு செய்ததை எழுத வேண்டும். குழுவைத் திறந்தேன். அந்தக் குரல் செய்தியை அழுத்திப் பிடித்து, எல்லோர் போனிலிருந்தும் போய்விடும்படி நீக்கினேன். யோசித்துத்தான் செய்தேன். கை தவறிப் பட்டுவிட்டது என்று எழுதலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். இது என் டயரி. இதிலுமா?

15 பிப்ரவரி, சனி

மேடம், சுதா அக்கா, நான் மூவரும் தோட்டத்துக்குப் போனோம். தேரிச் செம்மணலில் முருங்கைப் பூ உதிர்ந்து வெள்ளையாகக் கிடந்தது. அக்கா ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். ஓரத்தில் இருந்த பெட்டிகளில் மட்டும் இன்னும் இரைச்சல் கேட்டது.

நேசக்குமார் அண்ணாச்சி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"ஒங்கள நம்பித்தான அண்ணாச்சி இங்கன கொண்டாந்து வச்சேன்" என்றாள் அக்கா.

"ஏளா, நீங்க சொன்ன நேரத்துலதான அடிச்சேன். போன வாரமே அடிச்சிருக்கணும். எம் பொண்டாட்டி, புழு தின்னு முடிச்சப் பொறவு அடிப்பீகளான்னு கேக்கா. ஒங்க பேச்சக் கேட்டுதான் பொறுத்திருந்தேன். கருக்கல்ல அடிங்கன்னு போன்ல ஒரு பையன் சொன்னாம்லா?"

"நான் எழுதிக் கொடுத்தது பொழுது அடைஞ்ச பிறகுன்னுதான்" என்றார் மேடம்.

"இருங்க, போட்டுக் காட்டுதேன்."

போனை வேட்டியில் துடைத்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பிறகு கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக்கூட்டி வாசித்தார்: "இந்தச் செய்தி நீக்கப்பட்டது." எங்களை நிமிர்ந்து பார்த்தார். "நான் எதையாவது அமுக்கிட்டனோ?"

"இல்லாதத எங்கன போயி தேடுதீக?" என்றாள் அக்கா.

மேடம் என் பக்கம் திரும்பினார். "எழுதினதத்தான வாசிச்ச, ஜெனிஸ்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"தம்பி, நீதானா அது?" அண்ணாச்சி என் முகத்தையே பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. ஒரு சாட்சி கிடைத்துவிட்டது போலப் பார்த்தார். "கருக்கல்னு நீ சொல்லல?"

"சரியா ஞாபகம் இல்ல அண்ணாச்சி."

அண்ணாச்சி ஒரு காதைச் சுண்டுவிரலால் குடைந்துகொண்டார். "அப்ப எனக்குத்தான் காது சரியில்ல போல" என்றார். "சரி, பெட்டிய எடுத்துக்கிடுங்க. இனிமே தோணுத நேரத்துல அடிச்சிக்கிடுதேன். யாரு பேச்சும் வேண்டாம்."

பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிஞ்சிய பெட்டிகளை நாளை பொழுது அடைந்ததும் எடுத்துப்போவது என்று முடிவாயிற்று. அந்தத் தோட்டத்தை இனி வகுப்புக்குக் காட்டுவதில்லை என்றும் மேடம் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மேடம் முன் சீட்டில் தூங்கிப்போனார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஸ்ரீவைகுண்டம் ஆற்றுப்பாலம் வந்ததும் கை நின்றது.

"ஏலே, நீக்குனது ஒம் பேருலல்லா இருக்கு?"

சொன்னேன். திரேஸ்புரத்துக் கருக்கலைச் சொன்னேன். தளவாய் அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். நீக்கியதையும் தலையாட்டியதையும் சொன்னேன். அவள் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது.

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"கருக்கல் ஒரு வார்த்தை. நானும் பக்கத்துலதான் நின்னேன். கிளாஸ் முடிஞ்ச கையோட கேட்டேனா, எனக்கும் அந்தின்னுதான் பட்டுச்சு. அது போவட்டும். அவரு ஒம் மொகத்தப் பாத்துக் கேட்டாரேலே."

"தப்புதான் அக்கா. அதான் ஒங்ககிட்ட சொல்லிட்டேன்."

"ஒங்க கத்தோலிக்க ஆளுகளுக்குப் பாவத்தச் சாமியார்ட்ட சொல்லிட்டா தீந்துபோவும். நான் என்ன சாமியாரா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எம் பூச்சி போனது போச்சு. அந்த மனுசன் இப்ப காது டாக்டரத் தேடிக்கிட்டிருப்பாரு. நானும் அவர எடுத்தெறிஞ்சு பேசிட்டேன். அதுக்கு நான் கேக்கணும் மன்னிப்பு. ஒன்னால."

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். இறங்கியதும், "நாளைக்கு நீ போவலன்னா நான் போயிச் சொல்லுவேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னால் எனக்கு எளிது. அந்த நினைப்பும் எனக்கு வந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

நாளை ஞாயிறு. முதல் பூசை முடிந்ததும் சாத்தான்குளம் பஸ் ஏற வேண்டும். அண்ணாச்சி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவர் சபைக் கோவில் வாசலில் நிற்க வேண்டும். வேலிக்கு அப்பால் நின்றவர்களும் அங்கே வருவார்கள். அவர்கள் காதில் விழும்படி, கருக்கல் என்று சொன்னதும் நான், அதை அழித்ததும் நான், உங்கள் காதில் குறை இல்லை என்று சொல்ல வேண்டும். குழுவில் "பொழுது அடைந்த பிறகு" என்று தாளில் உள்ளபடியே மறுபடி வாசித்துப் போட வேண்டும். அந்தியில் பெட்டியை எடுப்பதா விடுவதா என்பதை அண்ணாச்சியும் அக்காவும் முடிவு செய்வார்கள். எடுப்பதென்றால் தூக்குவதற்கு நான் அங்கே இருக்க வேண்டும்.