சேர்த்துக் கட்டிய இரண்டு படகுகள்

என் மகன் ஆட்ரியனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கால்வாயில் நான் குடியிருக்கும் படகை என்றைக்கு என்னால் நகர்த்த முடியாமல் போகிறதோ, அன்றைக்கே அதை விற்றுவிட்டு பர்மிங்ஹாமில் அவன் பார்த்து வைத்திருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. அப்போது விரல்கள் நன்றாக இருந்தன. விரல்கள் நன்றாக இருக்கும்போது யாரும் எதையும் சொல்லிவிடலாம்.

நிரந்தரமாகக் கட்டி வைக்கச் சொந்தப் படகுத்துறை இல்லாத படகுக்காரர்கள் பதினான்கு நாளுக்கு மேல் ஒரே கரையில் கட்டிக் கிடக்கக் கூடாது. அன்று எனக்குப் பதினான்காம் நாள். காலையில் எழுந்தால் முடக்குவாதம் இரண்டு கைகளையும் பூட்டி வைத்திருந்தது. கெட்டிலை முழங்கையால் தூக்கினேன். மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கால்வாய் நிர்வாகத்துக்கு அனுப்பினால் இன்னும் சில நாள் தங்க விடுவார்கள். ஆனால் அந்தக் கடிதத்துக்கு என்ன அர்த்தம் என்று ஆட்ரியனுக்கும் தெரியும்.

பத்து மணிக்குப் பக்கத்துப் படகு நெவில் வந்து என் கூரையைத் தட்டினார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக என் அக்கம்பக்கத்தில்தான் கட்டுகிறார்.

"ஏம்மா லோர்னா, நான் மதகுக்குப் போறேன். ஒத்தப் படகுக்கு எதுக்கு அவ்வளவு தண்ணிய வீணாக்கணும்? நீயும் வா."

படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் எங்கள் மதகுகளில் இரண்டு படகுகள் ஒட்டி நிற்கலாம். கூட வா என்று ஒருவர் கேட்டால் மறுப்பது மரியாதை இல்லை. அது தெரிந்தேதான் கேட்டார்.

"கூட வர உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைச்சா உன்கிட்ட எதுக்கு வர்றேன்?"

இரண்டு படகுகளையும் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டினார். அவருடைய எஞ்சினே இரண்டையும் இழுத்தது. அதுவே எனக்குப் பாதித் தோல்வியாகப் பட்டது.

"அந்தப் பக்கத்து ரப்பரெல்லாம் தூக்கிட்டியா?" என்றார். கரையில் உரசாமல் இருக்கத் தொங்கவிடும் உருளைகள் அவை.

"தூக்காம? இருபத்தோரு வருஷமா படகுல இருக்கேன்."

தூக்கவில்லை. ஈரத்தில் இறுகிய முடிச்சுகள் என் விரல்களுக்கு அசையவே இல்லை.

மதகுக்குள் பாதி நுழைந்ததும், தொங்கிய ரப்பர்கள் சுவரில் இறுகி, இரண்டு படகுகளும் ஆப்பு அடித்தது போல நின்றுவிட்டன. நெவில் பின்னால் எடுத்துப் பார்த்தார். அசையவில்லை. என் கூரைமேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

"முடிச்ச அவுக்க முடியல நெவில்," என்றேன். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாதது வாயைவிட்டு வந்தது. கூடவே அழுகையும். "கை போச்சு. படகும் போச்சு."

"இப்போதைக்குக் கயிறுதாம்மா போகுது," என்று சொல்லி ரொட்டிக் கத்தியை எடுத்து வந்தார்.

சாயங்காலம் மதகைத் தாண்டிக் கட்டிய பிறகு ஆட்ரியன் கூப்பிட்டான். கைபேசியைப் பிடிக்க முடியாமல், மேசையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டேன். எதிரே நெவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"படக நகர்த்திட்டியாம்மா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. "படகு நகர்ந்துடுச்சு. நான் நகர்த்தல. நெவில்தான்."

"அப்போ, பேசினபடி..."

"தம்பி," என்று நெவில் குறுக்கிட்டார். "படகு நகரணும்னுதான் சட்டம். யாரு நகர்த்தணும்னு இல்ல."

"சொல்றது சுலபம் சார். முடக்குவாத மாத்திரைய போட்டுட்டு அவங்க வாந்தி எடுக்கறப்ப யாரு பாப்பா?"

"வாராவாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி மாத்திரை. சனிக்கிழமை பூரா எழுந்திரிக்க மாட்டா. சத்தம் ஆகாது. அதனாலதான் அன்னிக்கு நான் ஜெனரேட்டர் போடறதில்ல. டிவியில சனிக்கிழமை ஃபுட்பால் பாத்து மூணு வருஷம் ஆச்சு."

நான் அவரையே பார்த்தேன். சனிக்கிழமைகளில் இந்தக் கால்வாயே அமைதியாகத்தான் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் தேநீரைக் கலக்குவதில் மும்முரமாக இருந்தார்.

ஆட்ரியன் அடுக்குமாடி வீட்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, "நீங்க எந்த டீம் சார்?" என்றான்.