நவம்பர் 6712

நூலகத்தின் மூன்றாம் மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் ஒரு மேசை. அங்கே உட்காரும் நூலகருக்குப் பல்கலைக்கழகம் வைத்த பெயர் 'லிங்க் அக்கா'. முதுகுக்குப் பின்னால் சொல்லும் பெயர்தான். ஆனால் அவளுக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பதினான்கு வருடமாக அவள் ஓர் இணையப் பக்கத்தைக் கட்டி மேய்க்கிறாள். ஐரோப்பாவின் இடைக்காலத்தையும் பைசாந்தியப் பேரரசையும் படிக்க வருகிறவர்களுக்கு எது எந்தத் தளத்தில் கிடைக்கும் என்று சொல்லும் பக்கம். பழைய வரலாற்று ஏடுகளின் மொழிபெயர்ப்புகள், சுவடிப் படங்கள், நாணயங்கள், முத்திரைகள், வரைபடங்கள் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள். வெள்ளிக்கிழமை காலை வந்துவிட்டால் ஒன்று விடாமல் அத்தனையையும் அவளே சொடுக்கிப் பார்ப்பாள். அதற்கென்று மென்பொருள் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், "அது கதவு திறக்குதான்னுதான் பாக்கும், உள்ள ஆள் இருக்காங்களான்னு பாக்காது" என்பாள்.

ஒவ்வோர் இணைப்புக்கும் கீழே அவள் கைப்படக் குறிப்பு இருக்கும். 'அருமையான சுவடிப் படங்கள். திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.' 'மொழிபெயர்ப்பாளர் போர்க் காட்சிகளில் சொந்தச் சரக்கையும் கலந்திருக்கிறார், ஜாக்கிரதை.' இப்படி.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் கேட்பார். "என்ன, உன் ராஜாக்கள் எல்லாம் உயிரோட இருக்காங்களா?"

"ரெண்டு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. இன்னொருத்தர் திடீர்னு பணம் கட்டுனாத்தான் உள்ள விடுவேங்கிறார்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கேதான் நூலக இயக்குநரின் கடிதம் கல்லைப் போட்டது. பல்கலைக்கழக இணையதளத்தைச் சுத்தம் செய்கிறார்கள். லிங்க் அக்காவின் பக்கத்துக்கு மாதம் பதினொரு பேர்தான் வருகிறார்கள் என்று கணக்கு சொல்கிறது. எடுத்துவிடலாமா என்று வியாழக்கிழமை பதினொரு மணிக்கு முடிவு செய்வார்கள். விருப்பமிருந்தால், பக்கத்தைப் பயன்படுத்துகிற ஒருவரை அழைத்து வரலாம்.

பதினொரு பேராம்! அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் சாட்சிக்கு ஆள் தயாராக இருந்தது. இந்தப் பக்கத்தை வைத்தே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஓர் ஆய்வாளர், நாற்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படிக்க வந்தவள். பைசாந்தியத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் புத்தகங்களைப் பிரதியெடுத்த எழுத்தர்களைப் பற்றிய ஆய்வு. கேட்டதும், "இதெல்லாம் ஒரு உதவியாக்கா? நான் வந்து பேசுறேன்" என்றாள்.

அவளுடைய ஆறாம் அத்தியாயம் ஒரே ஓர் எழுத்தரைப் பற்றியது. 1204 ஏப்ரலில் சிலுவைப் போர்வீரர்கள் அந்த நகரத்தைச் சூறையாடினார்கள். இந்த எழுத்தரோ ஒரு சுவடியின் கடைசி ஏட்டில், 'விரல் வலிக்கிறது, கண் மங்குகிறது, ஆனாலும் முடித்துவிட்டேன். ஆண்டு 6712, நவம்பர்' என்று எழுதியிருக்கிறார். உலகம் படைக்கப்பட்டதாகத் தாங்கள் நம்பிய நாளிலிருந்து ஆண்டை எண்ணுவது பைசாந்தியர்கள் வழக்கம். நம் கணக்குக்கு மாற்றினால் நவம்பர் 1204. அதாவது, ஊரே கொள்ளை போய் ஏழு மாதம் கழித்தும் ஒரு மனிதர் உட்கார்ந்து புத்தகத்தை எழுதி முடித்திருக்கிறார். அந்த அத்தியாயத்தைப் படித்து லிங்க் அக்கா தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள்.

ஆண்டை மாற்றிக் கொடுத்ததும் அவள் பக்கம்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த வேலையைச் செய்துவந்த வெளிநாட்டுத் தளம் ஒன்று மூடிக்கொண்டது. பலர் கேட்டார்களே என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அவளே ஒரு கணிப்பானைச் செய்து வைத்தாள். ஆண்டைத் தட்டி, மாதத்தைத் தேர்ந்தெடுத்தால், நம் ஆண்டு வந்து நிற்கும்.

புதன்கிழமை மதியம், மறுநாள் கூட்டத்துக்குக் காட்ட அந்தச் சுவடியின் படத்தைத் தேடினாள். அதை வைத்திருக்கும் வெளிநாட்டு நூலகம் போன மாதம்தான் புதுப் பட்டியல் போட்டிருந்தது. அதில் 'நவம்பர் 1203' என்று இருந்தது.

"இவ்வளவு பெரிய நூலகம், ஒரு கழித்தல் கணக்கு தெரியல பாரு!" என்று வாய்விட்டே சொன்னாள். விடுவாளா? உடனே அவர்களுக்குத் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பைசாந்தியர்களுடைய ஆண்டு செப்டம்பர் முதல் தேதி பிறக்கிறது. ஆகவே ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை 5508-ஐக் கழிக்க வேண்டும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509-ஐக் கழிக்க வேண்டும் என்று பாடம் எடுத்தாள். 6712-இல் 5509 போனால் என்று எழுதி, விடையைத் தட்டப் போன கை அப்படியே நின்றது.

1203.

தன் கணிப்பானில் நவம்பரைத் தட்டினாள். 1204 வந்தது. மார்ச்சைத் தட்டினாள். 1204. எந்த மாதத்தைத் தட்டினாலும் அதே 1204. கணிப்பானின் உள்ளே திறந்து பார்த்தாள். மாதப் பெட்டியை அழகாக வைத்தவள், அதைக் கணக்கோடு இணைக்கவே இல்லை. ஆறு வருடமாக அது சும்மா பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். செய்துவிட்டாள். இனி ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. நாளைக்குக் கூட்டம் நல்லபடியாக முடியும், பக்கமும் பிழைக்கும். ஆய்வாளர் திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவாள். கொடுத்த பிறகு தேர்வாளர் எவராவது கண்டுபிடித்தால் பழி முழுக்க அவள் தலையில். இதை நினைத்ததும் லிங்க் அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. போனை எடுத்து, கிளம்பி வா என்றாள்.

ஆய்வாளர் வந்தாள். சொன்னதை நின்றபடியே கேட்டாள்.

"அப்போ அவர் எழுதி முடிச்சப்ப ஊர் விழவே இல்லையா?"

"இல்லம்மா. அதுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. தப்பு என்னுதுதான்."

"மூணு வருஷம். பிள்ளைங்களை எங்கம்மா வீட்ல விட்டுட்டு எழுதுன அத்தியாயம் அது. உங்களை நம்புனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு நான் வரல மேடம். வேற ஆளைப் பாத்துக்குங்க."

அதுவரை அக்கா என்றவள் மேடம் என்றது நெஞ்சில் குத்தியது. அவள் படியிறங்கும் சத்தம் கேட்டு முடியும்வரை லிங்க் அக்கா அசையவில்லை.

வியாழக்கிழமை தனியாகப் போய் இயக்குநர் முன்னால் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பதினோரு பேர் பாக்குற பக்கம். அதுலயும் தப்புன்னு நீங்களே சொல்றீங்க. இதை ஏன் வச்சிருக்கணும்?"

"அந்தப் பதினோரு பேர் யாருன்னு எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சா வீடு தேடிப் போய்ச் சொல்லிடுவேன். பக்கத்தை எடுத்துட்டா தப்பு நடந்துபோச்சுன்னு அவங்களுக்கு எங்க போய்ச் சொல்றது?"

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். "ஒரு மாசம் இருக்கட்டும். அதோட மூடிடுங்க."

அன்றே பக்கத்தின் தலையில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பைப் போட்டாள். கணிப்பான் ஆறு ஆண்டுகள் தவறாக இருந்தது, செப்டம்பர் முதல் டிசம்பர் வரையான தேதிகளைச் சரிபார்க்கவும், பாதிக்கப்பட்டவர்கள் எழுதவும் என்று தன் பெயரையும் சேர்த்தே போட்டாள்.

முதல் நாள் இரண்டு கடிதம் வந்தது. வாரக் கடைசியில் நாற்பது. பள்ளி ஆசிரியர் ஒருவர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், புத்தகம் அச்சுக்கே போய்விட்டதென்று காய்ச்சி எடுத்த பேராசிரியர் ஒருவர். கேட்டே இராத ஊர்களிலிருந்தெல்லாம் திட்டினார்கள். எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டுத் தனித்தனியாகப் பதில் போட்டாள். வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "எத்தனை பேரும்மா?" என்றார். நூற்று அறுபதைத் தாண்டியதைச் சொன்னாள். அவர் வழக்கமான கேலியைக் கூடச் செய்யாமல் காபி போடப் போனார்.

விஷயம் இயக்குநர் காதுக்கும் போயிற்று. விசாரித்தால், அந்தப் பதினொரு பேர் கணக்கு வளாகத்துக்குள் இருக்கும் கணினிகளை மட்டுமே எண்ணியிருக்கிறது. மாதம் முடிகிற நாளில் அவரே மூன்றாம் மாடி ஏறி வந்தார். "இத்தனை பேர் சண்டைக்கு வர்ற பக்கத்தை நான் எப்படிம்மா மூடுறது? இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பக்கம் பிழைத்தது. ஆனால் அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. ஆய்வாளர் ஒரு மாதமாக மூன்றாம் மாடிப் பக்கமே தலைகாட்டவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்காமல் அவகாசம் கேட்டிருக்கிறாள் என்று மட்டும் யாரோ சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கணினியை மூடப் போகும்போது இன்னொரு கடிதம் வந்தது. அதுவும் அறிவிப்பில் கொடுத்திருந்த முகவரிக்குத்தான், மற்றவர்கள் எழுதியதைப் போலவே.

'நூலகர் அவர்களுக்கு, உங்கள் கணிப்பானைப் பயன்படுத்தியவர்களில் நானும் ஒருத்தி. ஆறாம் அத்தியாயத்தை முதலிலிருந்து திரும்ப எழுதுகிறேன். விரல் வலியோடு புத்தகத்தை முடித்த அந்த மனிதருக்கு ஐந்து மாதத்தில் என்ன வரப்போகிறது என்று தெரியாது. நகரம் விழுந்த பிறகு அவர் கையெழுத்து வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எந்தத் தளத்தில் தேடலாம்?'

லிங்க் அக்கா இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை எழுத்து கலங்கித் தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வீட்டுக்குப் போன் போட்டு, வர நேரமாகும், நீங்க சாப்பிடுங்க என்றாள். பிறகு சுவடிப் பட்டியல்களில் முதலாவதைத் திறந்தாள்.