எண்பத்தெட்டுக்குக் கீழே

"ஆட்டாதண்ணா" என்று சொல்லிக்கொண்டே அர்ஜுனன், அண்ணனின் ஆள்காட்டி விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினான். சின்னத் திரையில் எண்கள் கொஞ்ச நேரம் முடிவுக்கு வராமல் ஓடின. கடைசியில் 81 என்று நின்றது.

செவ்வாய்க்கிழமைதோறும் பிள்ளையார்பாளையத்தில் வீடு வீடாக வரும் நர்ஸ் தேவிப்ரியா எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும். கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். மூச்சை ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். எண்ணுவது நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு திருட்டுத்தனமாக எண்ண வேண்டும். "எண்பத்தெட்டுக்குக் கீழ எறங்கிச்சின்னா யோசிக்காம போன் பண்ணுங்கண்ணா. சிலிண்டரோட அரை மணியில வந்துடுவேன்."

அர்ஜுனன் கையைப் பிடித்து எண்ண ஆரம்பித்தான். பன்னிரண்டு வருவதற்குள் காசிநாதன் கண்ணைத் திறந்தார்.

"இன்னாடா... கையப் புடிச்சிக்கினு கீற. தாலி கட்டப் போறியா?"

"நாடி பாக்குறேண்ணா."

"இருக்குதா?"

"இருக்குது, இருக்குது. பேசாத."

கணக்கு தவறிவிட்டது. மறுபடி எண்ணினான். இருபத்தெட்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் காசிநாதனின் தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அர்ஜுனன் போனை எடுத்தான். ஆனால் போடவில்லை.

போடாததற்குக் காரணம் போன வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கிளிப்பை மாட்டியபோது திரையில் ஒன்றுமே வரவில்லை. அர்ஜுனன் போட்ட கூச்சலில் தெருவிலுள்ள தறிகளெல்லாம் நின்றன. சங்கு ஊதுகிறவர் தெருமுனைவரைக்கும் வந்துவிட்டார். பூக்கடை சத்யராஜ் ஆளுயர மாலையோடு உள்ளே நுழைந்தபோது காசிநாதன் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "யாருக்குப்பா மால?" என்று அக்கறையாக விசாரித்தார். கிளிப்பில் பேட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். சத்யராஜ் மாலையைத் திருப்பிக்கொண்டு போக மறுத்ததால் அது தெருக்கோடிப் பிள்ளையாருக்குப் போனது. பிள்ளையாருக்குப் போட்டு, மூஞ்சூறுக்குப் போட்டு, மிச்சம் இருந்ததை ஒரு ஷேர் ஆட்டோவுக்கும் சுற்றினார்கள். அதிலிருந்து அர்ஜுனன் டீக்கடைக்குப் போனாலே, "இன்னாப்பா, உங்கண்ணன் ஏந்துக்கினாரா?" என்றுதான் கேட்டார்கள்.

இன்னொரு தடவை ஊரைக் கூட்ட அவனால் முடியாது. மெஷின் சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று தன் விரலிலேயே மாட்டிப் பார்த்தான். 83.

ஒரு கணம் தானும் சாகப்போவதாக நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு விரலைப் பார்த்தான். விளங்கியது.

அண்ணனும் தம்பியும் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள். நாற்பது வருஷமாகக் கொதிக்கிற தொட்டியில் நூலை முக்கி முக்கி, நகங்களெல்லாம் மயில்கழுத்து நீலமாகிவிடுகிற தொழில். காசிநாதன் கை கழுவிய தண்ணீர் ஓடிய சாக்கடையில் ஒரு எலி மூன்று மாதம் அரக்கு நிறத்தில் திரிந்ததாகவும், அதைக் கண்டால் பூனைகள் ஒதுங்கி வழிவிட்டதாகவும் சொல்வார்கள். எலியைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பூனை இருக்கிறது.

"அண்ணி, இங்க வாங்க. வெரல நீட்டுங்க."

காசிநாதனின் மனைவி காவேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினாள். 98.

"பாத்தீங்களா? உங்களுக்கு நகத்துல சாயமில்ல. எனக்கு எண்பத்திமூணு, அண்ணனுக்கு எண்பத்தியொண்ணு. சாயத்தப் பாத்துட்டு மெஷினு பயந்துக்குது. வேற ஒண்ணுமில்ல."

"எதுக்கும் அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுடேன் தம்பி."

"போட்டு? மறுபடியும் சத்யராஜ் வரட்டுமா மாலையோட?"

காசிநாதன் சிரித்தார். சிரிப்பு பாதியில் மூச்சாகிவிட்டது. "ரெண்டு பேருமே... எண்பதுதானாடா? அப்ப... ஒண்ணாவே போலாம் வா."

பதினோரு மணிக்கு அவருக்கு 76. அர்ஜுனனுக்கு அதே 83.

அண்ணன் தன்னைவிட அஞ்சு வருஷம் கூடுதலாகத் தொட்டியில் கை வைத்தவர், சாயம் ஆழமாக இறங்கியிருக்கும் என்று அர்ஜுனன் கணக்குப் போட்டான். கணக்கு சரியாக வந்தது. ஆனாலும் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தான். தன் எண் அசையாமல் நிற்கிறது; அண்ணனுடையது மட்டும் இறங்குகிறது. சாயம் ஒரே காலையில் கூடுமா? அந்தக் கேள்வியை அவன் முழுசாகக் கேட்டுக்கொள்ளவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஐந்து நிமிஷத்துக்கொரு தடவை கிளிப்பை அண்ணனுக்கும் தனக்குமாக மாற்றி மாற்றி மாட்டினான். 74. 83. 71. 83.

பன்னிரண்டுக்குக் காசிநாதன் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடினார். மூச்சு நிதானமானது.

"தூங்குறாரு அண்ணி. நேத்தெல்லாம் தூங்கவே இல்லல்ல."

நாடி பிடிக்கிற சாக்கு இனித் தேவைப்படவில்லை; நேராகவே எண்ணினான். பதினாறு. சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் பதினொன்று. ஒரு மூச்சு போனால் அடுத்தது வருவதற்குள் பக்கத்து வீட்டுத் தறி நாலு தடவை அடித்தது. பிறகு ஆறு தடவை அடித்தது. அர்ஜுனன் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

காவேரிதான் அவன் சட்டைப்பையிலிருந்து போனை உருவி எடுத்தாள்.

தேவிப்ரியா சொன்னபடி அரை மணிக்குள் வந்தாள். சிலிண்டர் வாசற்படியிலேயே நின்றது. கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள். மார்பில் ஸ்டெத்தை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுசாகக் கேட்டாள். அந்த ஒரு நிமிஷமும் அறையில் யாரும் மூச்சு விடவில்லை.

"முடிஞ்சிடுச்சிம்மா" என்றாள்.

காவேரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தேவிப்ரியா காசிநாதனின் இமைகளை மூடி, தாடையைத் துணியால் கட்டி, கை இரண்டையும் வயிற்றின்மேல் எடுத்து வைத்தாள். வைக்கும்போது விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சாயப்பட்டறைக்குக் கடைசியா எப்பம்மா போனாரு?"

"போன ஆடியில. அதுக்கப்புறம் எங்கம்மா போறது, எழுந்து நடந்தாத்தானே."

ஆடிக்கும் இந்தப் பங்குனிக்கும் எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணனுக்கு நகம் வெட்டிவிட்டவன் அர்ஜுனன்தான். நீலம் வாரத்துக்குக் கொஞ்சமாக நுனிக்கு நகர்ந்து வந்து, தை மாதத்தில் கடைசித் துண்டும் கத்தரியில் விழுந்ததும், "போச்சுண்ணா உன் கலரு, இனிமே நீ ஆபீசரு" என்று சொன்னவனும் அவன்தான்.

"ஏம்மா" என்றான். "நகத்துல சாயமிருந்தா மெஷினு கம்மியாத்தானே காட்டும்?"

தேவிப்ரியா அவனைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

"சாயமிருந்தா காட்டுங்கண்ணா" என்றாள்.

பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, "இறந்த நேரம் எழுதணும்" என்றாள். காவேரிதான் சொன்னாள்.

மூன்று மணிக்குப் பந்தல் போட்டார்கள். அர்ஜுனனை வாசலில் முதல் ஆளாக நிறுத்தினார்கள். துக்கத்துக்கு வந்த ஆண்கள் வரிசையாக வந்து, வழக்கப்படி இரண்டு கையையும் அவனுக்கு நேரே நீட்டினார்கள். அவன் நீல நகங்கள் தெரியாதபடி கையை மூடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் நீட்டுவதைப்போல மணிக்கட்டை நீட்டினான். முதலில் வந்தவர் ஒரு கணம் தயங்கி, மணிக்கட்டைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். அதைப் பார்த்து அடுத்தவரும் மணிக்கட்டையே தொட்டார். அதற்கடுத்தவரும்.