பூட்டுப் போடாத நம்பர்

என் கடையில் மூன்று பூட்டு. ஷட்டருக்கு ஒன்று, செம்புக் கம்பி அலமாரிக்கு ஒன்று, மேசை இழுப்பறைக்கு ஒன்று. மூன்று சாவியும் என் இடுப்பில்தான் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன். ஆளை நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இத்தனை பூட்டையும் தாண்டிக் கடையே வெளியே போகப் பார்த்தது.

எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவது என் தொழில். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. குட்டை என்னிடம் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவன். ஆறடி உயரம், அதனால்தான் அந்தப் பெயர். நாற்பதைத் தாண்டியாயிற்று. பில் போடுவது என் மகள். கட்டிக்கொடுத்தும் கடையை விடவில்லை. வாய் அப்படியே அவள் அம்மாவுடையது.

இழுப்பறையில் பணம் இருப்பதாக எல்லோரும் நினைப்பார்கள். இருப்பது ஒரு நோட்டு. எந்த மோட்டாருக்கு எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று முப்பத்தோரு வருஷமாக எழுதி வைத்தது. சாதாரண மோட்டார் என்றால் பழைய சுருளை எண்ணிப் பார்த்தே சுற்றிவிடலாம். உருகிக் கட்டியாய்ப் போனதை எப்படி எண்ணுவது? அதற்கு நோட்டு வேண்டும். அதை நான் யாருக்கும் காட்டியதில்லை. குட்டைக்கு அன்றன்றைய கணக்கை மட்டும் சொல்வேன்.

ஒரு திங்கட்கிழமை ஷட்டரைத் திறந்ததும் குட்டை வந்து, மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை பிடித்து முன்பணமும் கொடுத்துவிட்டானாம். எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. போகிறவனைக் கயிறு போட்டா கட்ட முடியும், ஆளா கிடைக்காது என்றேன். அவன் வேலையைப் பார்க்கப் போனான்.

மகள் பில் புத்தகத்தை மூடினாள்.

"அப்பா, போர்டுல இருக்கிற நம்பர் யாருது?"

வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். சிவப்புப் பெயிண்டில் முழ நீளத்துக்குக் குட்டையின் போன் நம்பர்.

பதினோரு வருஷத்துக்கு முன் கடைக்கென்று ஒரு நம்பர் வாங்கப் போனேன். போன் கடைக்காரன் அடையாள அட்டை நகலும் கைரேகையும் கேட்டான். என் ரேகையை வைத்து எவன் எங்கே கடன் வாங்குவானோ என்று எழுந்து வந்துவிட்டேன். குட்டை தன் அட்டையை நீட்டினான். வம்பு வந்தால் அவனோடு போகட்டும் என்று சந்தோஷப்பட்டேன். போர்டோடு போனதா அது? சரிசெய்து அனுப்புகிற ஒவ்வொரு மோட்டார் முதுகிலும் அதே நம்பரை எழுதித்தான் அனுப்பினோம். மாடிகளில், கிணற்றடிகளில், ஹோட்டல்களின் பின்கட்டில், நாலாயிரமாவது இருக்கும். எரிந்தால் முதுகைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். மணி அடிப்பது அவன் சட்டைப்பையில்.

யானை போகிற வாசலைத் திறந்து போட்டுவிட்டு எறும்புப் பொந்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். கடை வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, உங்கள் போர்டில் இருப்பது யார் பேரில் இருக்கிற நம்பர் என்று போய்ப் பாருங்கள்.

"போர்டை அழிச்சு எழுதிடலாம். நாலாயிரம் மோட்டாரை எப்படிப்பா அழிப்பீங்க?" என்றாள் மகள்.

அவனைக் கூப்பிட்டுப் பங்கு கொடுத்து நிறுத்துங்கள் என்றும் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன் அவனே நாலில் ஒரு பங்கு கேட்டிருக்கிறான். வாலுக்குத் தலைப்பாகை கட்டச் சொல்கிறாயா என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவன் நான். இப்போது எந்த முகத்தோடு கேட்பது? கேட்கவில்லை.

அதற்கப்புறம் அந்த மணி ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிடுவேன். அவன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவான். அடுத்த மாதம் எங்கே வரச் சொல்கிறானோ என்று காதைத் தீட்டுவேன். லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

வியாழக்கிழமை மதியம் அவன் சாப்பிடப் போயிருந்தான். போன் மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மகள் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தாள். பில் கட்டில் குத்தியிருந்த குண்டூசியை உருவினேன். போனின் ஓரத்தில் ஒரு ஓட்டை இருக்கும், குத்தினால் சிம் கார்டு வெளியே வரும். போன் கடைக்காரன் செய்து பார்த்திருக்கிறேன். சாகப்போகிற வயதில் முதல் திருட்டு. எப்படிக் குத்தியும் ஊசி ஓட்டைக்குள் போகவில்லை.

அப்போது பார்த்து மணி அடித்தது. சத்தத்தை அடக்கத்தான் தடவினேன். விரல் எங்கேயோ பட்டு அழைப்பை எடுத்துக்கொண்டுவிட்டது.

அடுக்குமாடிக் காவலாளி. மோட்டார் எரிந்துவிட்டதாம், அறுபது வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம், அண்ணனிடம் கொடு என்றான்.

"நான் ஓனர் பேசறேன். சொல்லு."

"எந்த ஓனர்? கடையே அண்ணனோடதுதானே?"

அந்த மோட்டாருக்கு இரண்டு தடவை என் கையால் கம்பி சுற்றியிருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான்.

திரும்பினால் வாசலை அடைத்துக்கொண்டு குட்டை. என் ஒரு கையில் அவன் போன், இன்னொரு கையில் குண்டூசி. அவன் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேரா குத்துங்க முதலாளி. சாய்ச்சா போகாது," என்றான். "எடுத்தாலும் ஒண்ணுமில்ல. அட்டையைக் காட்டினா நாளைக்கே அதே நம்பர் எனக்கு வந்துடும். என் பேர்ல இருக்கு."

"திருடன்னு சொல்ல வர்றியா?"

"நானும் அதுதான்."

போனை வாங்கி எதையோ தள்ளித் தள்ளி என் முகத்துக்கு நேரே காட்டினான். என் நோட்டு. பக்கம் பக்கமாகப் படம் பிடித்திருந்தான். இடுப்பைத் தடவினேன், சாவி இருந்தது.

"அந்தப் பூட்டுக்குச் சாவி எதுக்கு? உங்க கையில இருக்கிற ஊசி போதும்," என்றான். "ஆனா ஒரு எழுத்தும் புரியல. காக்கா கால் மாதிரி என்னத்தையோ போட்டு வச்சிருக்கீங்க."

எழுத்து சரியாக வராததால் நானே போட்டுக்கொண்ட குறிகள் அவை. புள்ளி பத்துக்கு, கோடு ஒன்றுக்கு, கம்பியின் பருமனுக்கு வேறு கிறுக்கல். ஊமை கண்ட கனவு. நான் செத்தால் அதுவும் சாகும். அன்றுதான் அது எனக்கே உறைத்தது.

மறுபடி மணி அடித்தது. அதே காவலாளி. குட்டை போனை மேசையில் வைத்தான்.

"எடுங்க. ஓனர் நீங்கதானே."

நான் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. அந்த மோட்டார் கட்டாயம் உருகித்தான் வரும், போன தடவையும் அப்படித்தான். நோட்டு இல்லாமல் அவனால் சுற்ற முடியாது. அவன் எடுக்காமல் அது என் கடைக்கு வராது. மணி நின்றது. மூன்றாவது தடவையும் அடித்தது. மகள் ஈரக் கையோடு வந்து பார்த்தாள்.

"நாலாவது தடவை வேற கடைக்குத்தான் அடிப்பான்," என்றாள்.

குட்டையின் பக்கம் திரும்பினேன். "நாலுல ஒரு பங்கு," என்றேன்.

"அது ஆறு வருஷத்துக்கு முந்தின விலை. இன்னைக்குப் பாதி."

"நம்பர் கடை பேருக்கு வரணும். எழுத்துல."

"நோட்டும் எனக்குப் புரியற எழுத்துல வரணும்."

"சரி."

"முதல்ல நீங்க படிச்சுக் காட்டுங்க."

"முதல்ல நீ மாத்து."

மகள் ஒரு கையால் போனை எடுத்தாள், இன்னொரு கையை என் முன்னால் நீட்டினாள். சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். நோட்டை எடுத்துப் போனோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு, ரெண்டும் என்னிடம் இருக்கட்டும், நீங்கள் போய் மோட்டாரைத் தூக்கி வாருங்கள் என்றாள். பிறகு காவலாளியை அவளே கூப்பிட்டுப் பேசினாள்.

மோட்டார் நான் நினைத்தபடியே கட்டியாய் உருகித்தான் வந்தது. நோட்டைப் பிரித்து, நாற்பத்தெட்டு சுற்று என்று வாய்விட்டுப் படித்தேன். மகள் பக்கத்தில் எண்ணாய் எழுதினாள். குட்டை உதடு அசைய எண்ணிக்கொண்டே சுற்றினான். இருட்டுவதற்குள் அறுபது வீட்டுக்கும் தண்ணீர் ஏறியது.

அடுத்த வாரம் பங்குப் பத்திரம் எழுதி, போன் கடையில் ரேகையும் வைத்தேன். துடைத்த பிறகும் கட்டைவிரலை இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். குட்டைக்கு அந்த இன்னொரு கடைக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதி போயிற்று. வாரம் ஒருமுறை அதைச் சொல்லிக் காட்டுவான். நோட்டை நான் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் படிக்கிறேன். மொத்தமாய்க் கொடுத்துவிட்டு அப்புறம் என் பாதிக்கு யார் காவல்?

போன் இப்போது மேசையில் எல்லோருக்கும் பொதுவாய்க் கிடக்கிறது. நேற்று நான்தான் எடுத்தேன். ஓனர் பேசறேன் என்றதும், எந்த ஓனர் என்று கேட்டான் ஒருவன்.

"ரெண்டு பேருல கிழவன். மோட்டாருக்கு என்ன, சொல்லு."