பலகையில் இருந்த வேலு

கண் தெரியாதவளை ஏமாற்றிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் தனலெட்சுமியைப் பார்த்ததில்லை. மகள் சாமி மேடைப் பக்கம் கை நீட்டியதுமே, "அப்பாவ எதுக்கு எறக்குற ஷர்மினி?" என்று கேட்டுவிட்டாள்.

ஷர்மினி மரப்பலகையில் உருவம் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுக்கிறவள். பயற்றங்காய்க் கட்டோடு நிற்கும் தன் அப்பா வேலுவைச் செதுக்கியிருந்தாள். ஜோகூரில், கெலாங் பாத்தாவில் மின்கம்பிகளுக்குக் கீழே, அரசாங்க நிலத்தில், ஆயுசெல்லாம் காய்கறி போட்டவர். டேட்டா சென்டர் வருகிறதென்று ஒரே காலையில் எல்லாவற்றையும் இயந்திரம் வழித்துப் போட்டது. மனுஷன் அதோடு ஒடுங்கி, போன தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

அம்மாவின் பார்வையை இனிப்பு நீர் வியாதி தின்றுவிட்டது. தாளில் இருக்கிற படம் அவளுக்கு எதற்கு? பலகையைத்தான் சாமி மேடையில் வைத்து, சந்தனம் பூசி, புருஷன் முகத்தைத் தினமும் தடவிப் பார்த்தாள்.

ஜோகூர் பாருவில் ஓர் உணவகம் அந்தப் பலகையில் அவள் எடுத்த பத்து அச்சுகளையும் மாட்டப் போகிறது. கங்கோங் கீரையை யானை விலைக்கு விற்கிற இடம், வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் நிலம் பறிபோன கதையைப் படத்துக்குக் கீழே அப்படியே எழுத ஒத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை: இனி யாரும் அச்செடுக்க முடியாதபடி பலகையில் உருவத்தின் குறுக்கே உளியால் வெட்டிவிட வேண்டும். அச்சுத் தொழிலில் அது வழக்கம். ஷர்மினி சம்மதித்தபோது பலகை மேசைக்கடியில் கிடந்தது. அம்மா அதைச் சாமியாக்குவாள் என்று கனவா கண்டாள்?

இப்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஓரத்துல வெட்டு லா."

"ஒத்துக்க மாட்டாங்கம்மா. மொகத்து மேலதான் போகணும்."

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

"படம் திரும்பி வந்துரும். அப்பாவுக்கு நடந்தது யாருக்கும் தெரியாமலே போயிரும்."

அம்மாவின் விரல்கள் நெற்றியைத் தொட்டு, மூக்கில் இறங்கி, மீசையில் நின்றன. பாழாய்ப்போன உணவகம்!

"வேணாம்மா. நான் சொல்லிர்றேன்."

"வெட்டு." பலகையின் இரண்டு பக்கத்தையும் அம்மாவே அழுத்திப் பிடித்தாள். "நெலத்த வழிச்சப்ப உங்கப்பா ஒரு வார்த்த பேசல. வேலியோரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. இப்பவாச்சும் பேசட்டும்."

உளி நெற்றியில் இறங்கியதும், "என்னங்க," என்று அம்மா ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். ஷர்மினி நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே போனாள்.