உள்ளே போகாத ஆறு வாரம்

ஏழு பி வகுப்பில் சத்தம் கிளம்பியபோது பெரிய மேடம் விடுப்புக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பேனாவை மூடக்கூட இல்லை, எழுந்துவிட்டாள். தலைமை ஆசிரியையான நாளிலிருந்து அவள் கால்களுக்கு அந்தப் பழக்கம். எங்கே சத்தமோ அங்கே அவை தாமாகவே கிளம்பிவிடும். நீளமான வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே ஐந்து ஏ, ஐந்து பி, ஆறு ஏ என்று வரிசையாக வகுப்புகள் அடங்கிக்கொண்டே வரும். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சைலன்சர். அது அவளுக்குத் தெரியாது என்று பள்ளிக்கூடமே நினைத்துக்கொண்டிருந்தது. தெரியாமலா இருக்கும்? தெரிந்து, உள்ளூர ஒரு பெருமை வேறு. பட்டப்பெயர் இவ்வளவு கச்சிதமாக எத்தனை பேருக்கு அமைகிறது?

அவள் ஏழு பி-க்குள் காலை வைத்ததும் நாற்பது வாய்களும் மூடிக்கொண்டன. சயின்ஸ் டீச்சர் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னலோரம் ஒதுங்கி நின்றாள். மெலிந்த உருவம், அதைவிட மெலிந்த குரல். பெரிய மேடம் கரும்பலகையை ஒரு தடவை பார்த்தாள். பாடம் எங்கே நின்றதோ அங்கிருந்து பிடித்துக்கொண்டு நடத்தினாள். கெட்டிக்காரி, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கணக்கு டீச்சராகச் சேர்ந்தவள் எந்தப் பாடத்தையும் எடுப்பாள். நடத்தி முடித்து, "இனிமே ஒழுங்கா இருக்கணும், என்ன?" என்று பொதுவாக ஓர் அதட்டல் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் கடைசி பெஞ்சில் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த நாத்தனாரைப் பார்த்தாள்.

நாத்தனார் என்றால் கணவரின் கூடப்பிறந்த தங்கை. அவளும் டீச்சராக இருந்தவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, தலைமை ஆசிரியர்களுக்கும் டீச்சர்களுக்கும் கூடவே இருந்து துணை செய்கிற ஒரு அமைப்பில் சேர்ந்திருந்தாள். கோச் என்று பெயர். வாரம் ஒரு நாள் வருவாள், பின்னால் உட்காருவாள், பார்ப்பாள், எழுதுவாள், பிறகு கேள்வி கேட்பாள். எந்தப் பள்ளிக்கூடம் யாருக்கு என்று ஆபீஸில் சீட்டுக் குலுக்கியபோது அண்ணி பள்ளிக்கூடம் இவளுக்கே வந்து விழுந்தது.

"மாத்திக்கட்டுமா அண்ணி?" என்று அன்றைக்கே வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"எதுக்கு மாத்தணும்? வேற யாராவது வந்து எனக்குத் தெரியாததை என்ன சொல்லிடப் போறாங்க? நீன்னா நம்ம வீட்டுப் பொண்ணு, சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்பிடுவே."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கணவர், "இந்த விளையாட்டுக்கு நான் வரலப்பா" என்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். புத்திசாலி மனுஷன். பள்ளிக்கூடக் கேட்டுக்குள் வந்தால் அண்ணி கிடையாது, மேடம்தான் என்று அன்றைக்கே இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள்.

மதியம் தலைமை ஆசிரியை அறையில் நாத்தனார் நோட்டைத் திறந்து வாசித்தாள். அவள் எழுத்தில் நல்லது கெட்டது என்று ஒரு சொல் இருக்காது, நடந்தது மட்டும் இருக்கும். பத்து இருபத்திரண்டுக்கு மேடம் உள்ளே வந்தார். அமைதி. டீச்சர் ஜன்னல் பக்கம் போனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடம் பதினான்கு நிமிடம் பாடம் நடத்தினார். மேடம் போனார்.

"அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியுமா மேடம்?"

"என்ன ஆகும்? அமைதியா இருந்திருக்கும்."

"ஒரே நிமிஷம். அப்புறம் முன்னைவிட ரெண்டு பங்கு சத்தம்."

"அப்போ என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கணும்ல?"

"பிள்ளைங்க அதைத்தான் செய்யறாங்க மேடம். கத்தினா நீங்க வர்றீங்க. நல்லாவும் நடத்தறீங்க. அந்த டீச்சர் பேச்சை அவங்க எதுக்குக் கேக்கணும்?"

பெரிய மேடத்துக்குச் சுருக்கென்றது. "அதுக்காக? ஸ்கூல் சந்தைக்கடையா ஆகட்டும்னு நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? நேத்து வந்த பொண்ணு நீ, எனக்குப் பாடம் எடுக்கறியா?"

நாத்தனார் நோட்டை மூடினாள். அவள் வாயைத் திறந்தபோது ஒப்பந்தம் காற்றில் போய்விட்டது.

"அண்ணி, நீங்க கல்யாணமாகி வந்தப்ப நான் எட்டாவது. கணக்கு வரலேன்னு நோட்டை எடுத்துக்கிட்டு உங்ககிட்டதான் ஓடி வருவேன். 'இது தெரியலையாடா கண்ணு'ன்னு என் கையிலேர்ந்து பென்சிலை வாங்கி நீங்களே போட்டுக் குடுத்துடுவீங்க. அவ்வளவு அழகா இருக்கும். வீட்டுக் கணக்குல நூத்துக்கு நூறு. பரீட்சையில பதினேழு. உங்க மேல எனக்குக் கோவமே வரல அண்ணி. அண்ணி இவ்வளவு சொல்லிக்குடுத்தும் நமக்கு ஏறலையே, நாமதான் மக்குன்னு நெனச்சுக்கிட்டேன். ரொம்ப வருஷம் அப்படியேதான் நெனச்சுட்டு இருந்தேன்."

அந்தப் பெண்ணுக்குத் தான் செய்த உதவிகளில் முதலாவதாகப் பெரிய மேடம் அதைத்தான் இத்தனை நாள் மனத்தில் வைத்திருந்தாள். உறவுக்காரர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், நான்தான் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று! வெட்கமாக இருந்தது. மேஜை டிராயரை இழுத்து, இரண்டு நாளாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து நாத்தனார் முன் வைத்தாள். சயின்ஸ் டீச்சர் எழுதியது. இந்த வகுப்புக்கு நான் தேவைப்படவில்லை, பருவ முடிவில் என்னை விடுவித்துவிடுங்கள் என்று இரண்டே வரி.

"இவளை இன்டர்வியூவில நான்தான் தேர்ந்தெடுத்தேன். இவளுக்குத் தெரிஞ்ச சயின்ஸ் இந்த வட்டாரத்துல யாருக்கும் தெரியாது. தினம் போய் உதவி பண்ணேனே, எங்கிட்டேயே இப்படி எழுதியிருக்காளேன்னு ரெண்டு நாளா மனசு ஆறல. இவ போகக்கூடாது. நான் என்ன பண்ணணும், சொல்லு."

"நீங்க என்ன பண்ணலாம்னு நெனைக்கறீங்க?"

"கேட்டாக்கூட சொல்லமாட்டியா? இதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஒரு அடையாள அட்டை!"

நாத்தனார் சிரித்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பெரிய மேடம்தான், பல் பிடுங்கக் கொடுக்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். "பருவம் முடிய ஆறு வாரம் இருக்கு. ஆறு வாரமும் ஏழு பி-க்குள்ள நான் காலை வைக்கல. போதுமா?"

மறுநாள் சயின்ஸ் டீச்சரைக் கூப்பிட்டு அதையே சொன்னாள். கடிதம் பருவ முடிவு வரை டிராயரிலேயே இருக்கட்டும், அப்போதும் போகத்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றாள். சயின்ஸ் டீச்சர் தலையாட்டினாள். நம்பிய தலையாட்டலாக அது தெரியவில்லை.

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது பெரிய மேடத்துக்கு முதல் வாரத்திலேயே புரிந்துபோயிற்று. சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவாள், வராந்தாவில் ஒன்பது பத்து அடி நடந்தும் விடுவாள், பிறகு நினைவு வந்து, ஏதோ மறந்துவிட்டவள் போல நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பி வருவாள். லைப்ரரிக்குப் போய் ஒழுங்காக இருந்த புத்தகங்களையே மறுபடி அடுக்கினாள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து, "மேடம், ஏழு பி சத்தத்துல என் கிளாஸுக்கு நான் பேசறது கேக்கல" என்று முறையிட்டபோது, "உள்ள டீச்சர் இருக்காங்கல்ல, அவங்க பாத்துப்பாங்க" என்றாள். அந்த டீச்சர், மேடத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று ஸ்டாஃப் ரூமில் போய் விசாரித்தாளாம்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை சறுக்கிவிட்டாள். உள்ளே போகவில்லை, வாக்கு வாக்குதான். தலையை மட்டும் நீட்டினாள். வகுப்பு செத்தாற்போல் அடங்கியது. மற்ற நாளாக இருந்தால் அவள் பிள்ளைகளைத்தான் பார்த்திருப்பாள். அன்றைக்கு, ஏனோ, டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் அப்போதுதான் ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தாள். வாசலில் மேடத்தைக் கண்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தாள். எத்தனையோ தடவை நடந்ததுதான். ஒரு தடவைகூட அது கண்ணில் பட்டதில்லை. பெரிய மேடம் அறைக்குத் திரும்பிவந்து நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன்டி."

"என்ன பாத்தீங்க?"

"என்னைப் பாத்ததும் சாக்பீஸை வெச்சிடறா. நான் ஒண்ணுமே சொல்லல. சும்மா நின்னேன். வெச்சிடறா." நாத்தனார் அந்தப் பக்கம் போனை வைக்காமல் லைனிலேயே இருந்தாள்.

அன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் முன்னால் பெரிய மேடம் சயின்ஸ் டீச்சரிடம் போய், "காலையில நான் எட்டிப் பாத்தது தப்பு. மன்னிச்சுக்கோ" என்றாள். டிராயிங் மாஸ்டருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு வாக்கியத்தை அந்த வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு சயின்ஸ் டீச்சர் தானாகவே, பள்ளி விட்டதும், மறுநாள் பாடத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு வர ஆரம்பித்தாள். பெரிய மேடத்துக்கு நாக்கு நமநமவென்று இருக்கும், இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்ல. அடக்கிக்கொண்டு, "பிள்ளைங்ககிட்ட என்ன கேக்கப் போறே?" என்று மட்டும் கேட்பாள். பதில் வர நேரமாகும். வரும்வரை மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைத்திருக்கும் கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டிருப்பாள். சத்தத்தையும் அவள் பிரித்துக் கேட்கப் பழகினாள். அடித்துக்கொள்கிற சத்தம் வேறு, 'இல்லடா, நான் சொல்றதைக் கேளு' என்கிற சத்தம் வேறு. நான்காவது வாரத்திலிருந்து இரண்டாவது சத்தம் அதிகமாகியிருந்தது. இல்லை, அது தன் ஆசையோ என்றும் சந்தேகமாக இருந்தது. கடிதத்தைப் பற்றி டீச்சர் பேச்செடுக்கவில்லை. மேடமும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

பருவம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் கல்வி அதிகாரி வந்து நின்றார். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அவர் இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் உதாரணம் காட்டுவார். ஊசி விழுந்தால் கேட்கும் என்பார். அன்று நாத்தனார் வருகிற நாள். மூன்று பேருமாக வராந்தாவில் நடந்து வந்தபோது ஏழு பி-யிலிருந்து கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி சத்தம் கிளம்பியது.

அதிகாரி நின்றுவிட்டார். "என்ன மேடம், இது உங்க ஸ்கூல்தானா?"

"எங்க ஸ்கூல்தான் சார்."

"டீச்சர் லீவா?"

"இல்ல சார், உள்ளதான் இருக்காங்க."

"இருந்துமா? போய் ஒரு அதட்டுப் போடுங்க மேடம். நீங்க போய் நின்னாலே போதுமே."

போய் நின்றால் போதும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? கால் துறுதுறுத்தது. இத்தனை வருடம் சேர்த்து வைத்த பெயர் அந்தச் சத்தத்தில் போய்க்கொண்டிருந்தது. நாத்தனார் பக்கம் பார்த்தாள். அவள் வேண்டுமென்றே நோட்டில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். "அவங்க கிளாஸ் சார், அவங்க பாத்துப்பாங்க" என்றாள் பெரிய மேடம்.

"என்னங்க நீங்க!" என்று அதிகாரி விடுவிடுவென்று போய் வாசலில் நின்றார். பின்னாலேயே ஓடிய பெரிய மேடம் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, மேஜையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, "குட்டை!" "நெட்டை!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மேஜைமேல் இரண்டு மெழுகுவத்திகள் எரிந்தன, ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. சயின்ஸ் டீச்சர் கையில் பெரிய கண்ணாடி ஜாடி. "ரெண்டையும் சேத்து மூடப்போறேன். எது முதல்ல அணையும்? சும்மா கத்தக்கூடாது, ஏன்னு சொல்லணும்" என்றாள். "கெட்ட காத்து கனம் டீச்சர், கீழ இறங்கிடும், குட்டைதான் போகும்" என்றது ஒரு குரல். "சூடான காத்து மேலதானே போகும்? நெட்டைதான்!" என்று இன்னொரு பெண் எகிறினாள்.

அப்போதுதான் முன்னால் நின்ற பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள். சைலன்சர்! ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டு வந்தது. இரண்டு சுடரும் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படபடத்தன. டீச்சரும் திரும்பினாள். போச்சு, இப்போது ஜாடியைக் கீழே வைத்துவிடுவாள் என்றுதான் பெரிய மேடம் நினைத்தாள்.

டீச்சர் ஜாடியை வைக்கவில்லை. அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தாள்.

"சார், வணக்கம். மேடம், காத்து வருது, அணைஞ்சிடும். இப்ப வராதீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டது.

அதிகாரி திறந்த வாயை மூடவில்லை. மூக்குக்கு நேரே பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. இத்தனை வருடத்தில் பெரிய மேடத்தின் முகத்துக்கு நேரே யாரும் கதவைச் சாத்தியதில்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கண் நிறைந்துவிட்டது. "பாத்தீங்களா சார்?" என்றாள். "பாத்தீங்களா? எங்க சயின்ஸ் டீச்சர்!" பெண்ணுக்கு முதல் பரிசு கிடைத்த தாய்கூட அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள். பின்னால் நாத்தனார், "மேடம்" என்று ஆரம்பித்து, மேலே பேச முடியாமல், "அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி கதவையும் பெரிய மேடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஆமா, எது மேடம் முதல்ல அணையும்?"

"குட்டைதான்னு நெனைக்கறேன்" என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். "தெரியல சார்."

உள்ளே நாற்பது பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அமைதி. அதிகாரி மெல்லக் குனிந்து கதவில் காதை வைத்தார். ஒரு நொடி தயங்கிவிட்டு, அவருக்குப் பக்கத்திலேயே பெரிய மேடமும் வைத்தாள். நாத்தனாருக்கு இடம் போதவில்லை, அண்ணியின் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்போது உள்ளே ஓவென்று ஒரு கூச்சல் கிளம்பி வராந்தா முழுக்க அதிர்ந்தது. அணைந்தது குட்டையா நெட்டையா என்பது மட்டும் வெளியே நின்ற மூன்று பேருக்கும் கேட்கவே இல்லை.